அடி விழுந்தால் நிற்கும் தறிகள்

இதைக் கேட்பவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியவை மூன்று.

ஒன்று, ஊர். காவிரியின் கீழ்க்கரையில் இருக்கிற நெருஞ்சிப்பாளையத்தில் விசைத்தறிகள் ஓயாமல் ஓடின. அந்த ஓசைக்குள் பிறந்து, அந்த ஓசைக்கு மேலே குரலெழுப்பிப் பேசக் கற்று, அந்த ஓசை இல்லாவிட்டால் கண்ணயர முடியாமல் வளர்ந்த ஊர்க்காரர்கள், வெளியூர்த் திருமணங்களுக்குப் போனால் மண்டபத்தின் அமைதியில் தலைவலி கண்டு பாதிப் பந்தியில் எழுந்துவிடுவார்கள். ஆற்றுக்கு அக்கரையில் தறி கிடையாது. அங்கே செங்கல் சூளைகளும் மாந்தோப்புகளும்தான், மாவட்டமும் வேறு.

இரண்டு, டிரைவர். ஒவ்வொரு தறியின் பக்கவாட்டிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு உண்டு. அதில் ஒரு ஆர்ம் வகைச் சிப்பும், அதற்குள் ஓடுகிற லினக்ஸ் இயங்குதளமும் உண்டு. துணியின் நெடுக்கிழையான பாவு நூல் அறுந்தால் உணர்ந்து சொல்லும் சென்சார் ஒன்றும் உண்டு. சென்சார் சொல்வது போர்டுக்குப் புரியாது, போர்டு கேட்பது சென்சாருக்குப் புரியாது. இடையில் நின்று ஒன்றின் சொல்லை மற்றொன்றிடம் கொண்டு சேர்க்கிற நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர். போர்டோடு வந்த டிரைவர் சோம்பலானது. சென்சாரை முறை வைத்து எட்டிப் பார்க்கும். அது பார்ப்பதற்குள் அறுந்த நூலோடு துணி முழம் முழமாய் விழுந்துவிடும். போதாக்குறைக்குப் பஞ்சுத்தூசி பறந்தாலும் நூல் அறுந்ததென்று கூவும். அதைத்தான் பூர்ணிமா திருத்தினாள். தேவையற்ற ஒரு வரியையும் பொறுக்காத, இடம் தவறிய ஒரு புள்ளிக்காகப் பகலெல்லாம் உட்கார்ந்திருக்கக்கூடிய அந்தப் பெண், சென்சார் தட்டிய கணத்தில் போர்டு மற்ற வேலைகளை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கும்படியும், தூசி எது, நூல் எது என்று பிரித்தறியும்படியும், அடுத்த ஊடை இழை குறுக்கே விழுவதற்குள் தறி நிற்கும்படியும் அதை மாற்றி எழுதினாள்.

மூன்று, வீடு. ஊர் விசைத்தறியாளர் சங்கத்தின் செயலாளர் தண்டபாணி தன் மனைவி மோகனாவை அடிப்பான். தறியோசையில் அது தெருவுக்குக் கேட்காது. மாடியறையில் குடியிருந்த மோகனாவின் தங்கைக்கு மட்டும் சுவர் வழியாகக் கேட்கும். அந்தத் தங்கைதான் பூர்ணிமா. நூல் அறுந்தால் எப்படித் துடிக்கும் என்று டிரைவருக்குக் கற்றுக்கொடுப்பதற்காக அவள் மேசைமேல் பாவு நூலை இழுத்துக் கட்டி அளவெடுத்த நாட்களில், கீழே ஓர் அடி விழும்போதெல்லாம் அவள் கை அதிர்ந்து நூல் அறுந்தது. அந்த அளவுகளையும் அவள் சுத்தமான அளவுகள் என்றே எடுத்துக்கொண்டாள். இது காரணமாக இருக்கலாம். ஊரில் யாரும் காரணம் கேட்கவில்லை.

புதிய டிரைவர் எல்லாப் பட்டறைகளிலும் ஏற்றப்பட்ட அன்று, முற்பகலில், ஊரின் தறிகள் அனைத்தும் ஒரே நொடியில் நின்றன. நெய்பவர்கள் பாவின்மேல் குனிந்து அறுந்த நூலைத் தேடினார்கள். ஒரு பட்டறையிலும் ஒரு நூலும் அறுந்திருக்கவில்லை. தேடி முடிப்பதற்குள் தறிகள் தாமாகவே ஓடத் தொடங்கின. மாலைக்குள் இப்படி எத்தனையோ முறை நின்று ஓடின. தறி பழுதுபார்க்கும் பிட்டர் செல்லமுத்து ஸ்பானரும் கையுமாகப் பட்டறை பட்டறையாக அலைந்து, களைத்துப்போய்ப் பாவாயியின் தேநீர்க்கடைக்கு வந்து சேர்ந்தபோது, பாவாயி தன் கொழுந்தன் நாச்சிமுத்து கேட்காமல் எடுத்த வடைக்காக அவன் தலையில் கரண்டியால் ஒன்று வைத்தாள். ஊர் நின்றது. நாச்சிமுத்து தலையைத் தேய்த்துக்கொண்டு நிமிர, ஊர் மறுபடி ஓடியது.

செல்லமுத்து டம்ளரைக் கீழே வைத்தான்.

"ஏனுங் பாவாயக்கா, இன்னொருக்கா அடிங்க பாப்போம்."

"நானென்ன இங்க சர்க்கஸா காட்டறேன்?" என்று கேட்டுக்கொண்டே அவள் அடித்தாள். தறிகள் நின்றன. தெருக்கோடியில் ஒரு சேவல் கூவியதைப் பல வருடங்களுக்குப் பிறகு அந்தக் கடையில் இருந்தவர்கள் கேட்டார்கள்.

"ஏனக்கா, உங்க ஆராய்ச்சிக்கு என் மண்டைதான் கெடச்சுதா?" என்றான் நாச்சிமுத்து.

"இன்னொன்னு, கொஞ்சம் ஓங்கி," என்றான் செல்லமுத்து. ஓங்கி அடித்தபோது தறிகள் அதிக நேரம் நின்றன. வலி தணிந்த பிறகே ஓடின. அப்படியாக, ஊர் எல்லைக்குள் எங்கே யார் யாரை அடித்தாலும் தறிகள் நிற்கும் என்பதும், அடிபட்டவருக்கு வலிக்கும்வரை நிற்கும் என்பதும், ஒரு கொழுந்தனின் தலையில் உறுதி செய்யப்பட்டன. இறைச்சிக்கடையில் ஆடு வெட்டிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. ஆடு வெட்டியவனை ஒருவன் அறைந்து பார்த்தான், நின்றன.

யாரும் வியக்கவில்லை. ஊருக்குப் புதிய பேருந்து விட்டால் அதன் நேரத்தை அறிந்துகொள்வதுபோல அமைதியின் நீளங்களை அறிந்துகொண்டார்கள். சொடக்குப் போடும் நேரம் என்றால் பள்ளிக்கூடத்தில் காதைத் திருகியிருக்கிறார்கள். ஒரு குடம் நிறையும் நேரம் என்றால் காவல் நிலையத்தில் விசாரணை நடக்கிறது. சோறு வெந்து வடியும்வரை நீண்டால் அது வீடு. அந்த நீண்ட அமைதியில் பெண்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து, தெருவின் இரு பக்கமும் பார்த்து, "யாரு வூட்டுல?" என்று கேட்டுக்கொண்டார்கள். எந்த வாசலுக்கு ஆள் வரவில்லையோ அந்த வீட்டை எல்லோரும் பார்த்தார்கள். மோகனா பல முறை வாசலுக்கு வரவில்லை. செயலாளர் வீட்டுக் கதவை ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. கதவுக்கு உள்ளே தண்டபாணி, ஓங்கிய கையோடு, தன் பட்டறையின் நிசப்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றான்.

துணி குறைந்தது. சங்கம் கூடியது. ஊர் எல்லைக்குள் எவரும் எவரையும் அடிக்கலாகாது என்று தண்டபாணியே எழுந்து நின்று தீர்மானம் வாசித்தான். ஆசிரியர்கள் பிரம்புகளைக் கட்டிப் பரணில் போட்டார்கள். காவல் நிலையத்தில் லத்தி மூலையில் சாய்ந்தது. சில வாரங்கள் ஊரில் ஒரு கன்னமும் சிவக்கவில்லை. மருமகள்கள் மாமியார்களுக்கு எதிர்ப்பேச்சுப் பேசினார்கள், கடைசிப் பெஞ்சு மாணவர்கள் வாத்தியாரின் முகத்துக்கு நேரே சிரித்தார்கள், தறிகள் மட்டும் ஒரு முறையும் நிற்காமல் ஓடின. ஊர் திருந்திவிட்டதென்று வெளியூர் வியாபாரிகள் சொன்னார்கள்.

ஊர் திருந்தவில்லை, பாலத்தைக் கண்டுபிடித்திருந்தது.

முதலில் போனது காவல் நிலையத்து ஜீப். பிடிபட்டவனை ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடந்து, மாந்தோப்பில் வைத்து விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தது. இக்கரையில் ஒரு தறியும் நிற்கவில்லை. அதன் பின் கணவர்கள் போனார்கள். மொபெட்டில் மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய், தோப்பில் அடித்து, முகம் கழுவச்செய்து, அதே மொபெட்டில் திரும்பக் கொண்டுவந்தார்கள். திரும்பும் பெண்கள் பாலத்தின் மேல் தலையைத் திருப்பி ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். கூலி கேட்டவனை முதலாளி அழைத்துப் போனார். பங்கு கேட்ட தம்பியை அண்ணன் அழைத்துப் போனான். "அக்கரைக்கு வர்றியா?" என்று கேட்டால் போதும், குழந்தைகள் அழுகையை விழுங்கிக்கொண்டன. பாலத்தின் அந்த முனையில் ஒருவன் குடிசை போட்டு மோரும் பஞ்சும் மஞ்சள்தூளும் விற்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் தோப்பில் மரத்துக்கு ஒரு குடும்பம் என்று ஆனபோது, ஒருவரை ஒருவர் பாராததுபோல நடந்துகொள்ளும் மரியாதையும் தானாக வந்து சேர்ந்தது.

மோகனாவின் முன்பல் ஒன்று அங்கேதான் விழுந்தது.

தண்டபாணிக்கு இந்தப் பயணம் பிடிக்கவில்லை. கோபம் வந்த இடத்தில் அதைத் தீர்த்துக்கொண்டு பழகியவன் அவன். வண்டியை எடுத்து, பாலம் தாண்டி, நிழல் தேடுவதற்குள் அது ஆறிவிடுகிறது, ஆறியதை மறுபடி சூடேற்ற வேண்டியிருக்கிறது. ஒரு மதியம் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தபோது, மோகனா குழம்பு ஊற்றிக்கொண்டிருக்கையிலேயே, பூர்ணிமாவிடம் சொன்னான்.

"பூரணி, அந்தச் சிக்னல அடச்சுரு கண்ணு."

"எதைங்க மாமா?"

"அதான். நூல் அறுந்தா மட்டும் நிக்கோணும். ஊருல எவன் எவள அடிச்சா தறிக்கென்ன வந்துச்சு?"

"டிரைவர்ல தப்பில்லீங்க மாமா. அறுந்தா சொல்லுன்னு எழுதியிருக்கறேன், சொல்லுது. அறுந்தது என்னங்கறது அதுக்குத் தெரியாதுங்க."

"படிச்ச புள்ள பேசற பேச்சா இது? எக்ஸ்போர்ட் சரக்கு தலைக்கு மேல கெடக்குது. நான் ஒவ்வொருக்காவும் பாலந்தாண்டிப் போய்ட்டு வரோணுமா?" அவன் மோரை எடுத்து ஊற்றிக்கொண்டான். "ஞாயித்துக்கெழமைக்குள்ள குடுத்துரு. இல்லீன்னா ஞாயித்துக்கெழம உங்கக்காளக் கூட்டீட்டுப் போவேன். வாரப்ப வண்டியில நான் மட்டுந்தான் வருவேன்."

குரல் உயரவில்லை. மோகனா குழம்புச் சட்டியை மூடினாள். தண்டபாணி சொன்னதைச் செய்பவன் என்பது அந்த அறையில் இருந்த மூவருக்கும் தெரியும்.

மாடியில் பூர்ணிமா டிரைவரைத் திறந்தாள். அவன் கேட்டது ஒரே வரி. அந்த வரியைச் சேர்த்தால் சென்சாரின் தட்டல் போர்டின் காதில் விழாது. நூல் அறுவதைப் பிடிக்க வேறொரு வழி வைத்துவிடலாம். அவள் அந்த வரியை எழுதினாள். ஒரு பிழையும் இல்லாத வரி. மோகனா படியேறி வந்து, கணினியைப் பாராமல், சன்னல் பக்கம் நின்றாள்.

"எழுதீட்டியா?"

"எழுதிக் குடுத்தா வூட்டுலயே அடிப்பாருக்கா. தறி ஓடிட்டே இருக்கும். யாரும் வாசலுக்கு வரமாட்டாங்க."

"வூட்டுல அடிச்சா விழுகறதுக்குப் பாயாச்சும் இருக்கும். அங்க செங்கக் குவியல்." மோகனா நாக்கால் விழுந்த பல்லின் இடத்தைத் தொட்டுக்கொண்டாள். "நீ எழுதறதுன்னா எழுது, எழுதாட்டிப் போ. எங்க வெச்சு அடி வாங்கறதுன்னு என்னைய மட்டும் கேக்காதே."

அக்காள் இறங்கிப் போன பிறகு பூர்ணிமா அந்த வரியை அழித்தாள். அக்கரையில் அடித்தால் தறிகள் நிற்காததற்குக் காரணம் அக்கரையில் போர்டு இல்லாததுதான் என்ற எளிய செய்தியை, எந்தப் பிழையையும் அதன் பிறப்பிடம்வரை போய்த் தேடுகிற அவள், அத்தனை நாளும் எண்ணிப் பார்க்கவில்லை. இதற்காக அவளுக்குத் தன்மேல் கோபம் வந்தது. ஒரு போர்டையும் சென்சாரையும் பேட்டரியையும் எடுத்தாள். ஒரு சிறு பலகையில் அடித்த இரண்டு ஆணிகளுக்கு நடுவே ஒரு பாவு நூலை இழுத்துக் கட்டினாள். எல்லாவற்றையும் மோகனாவின் வயர்க் கூடையின் அடியில் வைத்து, மேலே துண்டை மடித்துப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறும் நேரத்தில், வரி கிடைக்கவில்லை என்று தெரிந்ததும் தண்டபாணி வண்டியை எடுத்தான். மோகனா கூடையோடு பின்னால் உட்கார்ந்தாள். பூர்ணிமா தன் ஸ்கூட்டியில், ஒளியாமல் மறையாமல், பின்னாலேயே போனாள். அவன் கண்ணாடியில் பார்த்தான்; வரட்டும் என்று விட்டுவிட்டான்.

மற்றக் குடும்பங்கள் இன்னும் வந்திராத தோப்பின் கடைக்கோடியில், சூளைக்குப் பக்கத்தில், அவன் வண்டியை நிறுத்தி, கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டான். முதல் அடியில் மோகனா கூடையோடு விழுந்தாள். அவள் தலைமயிரைப் பிடித்துத் தூக்கி, செங்கல் அடுக்கில் முகத்தை மோதினான். குறுக்கே பாய்ந்த பூர்ணிமாவை முழங்கையால் தள்ளினான். அவள் உதடு கிழிந்தது. அப்போது ஆற்றின்மேல் எந்நேரமும் படிந்திருக்கிற அந்த ஓசை, அக்கரையில் இருப்பவர்கள் ஓசையென்றே எண்ணாத அந்த ஓசை, இல்லாமல் போயிருந்தது. தண்டபாணி அதைக் கேட்டான். கேட்டவுடன் அவனுக்குப் புரிந்தது. புரிந்ததால் கூடுதலாக வெறி வந்து, நெடுநேரம் மிதித்தான்; பிறகு ஒரு முழுச் செங்கல்லை எடுத்துக்கொண்டு திரும்பினான்.

பாலத்தில் செருப்போசை கேட்டது. ஊர் வந்துகொண்டிருந்தது. ஊருக்குள் வாசல் வாசலாகப் பார்த்து, வராத வாசல் எது என்று கண்டு, வண்டி போன திக்கைக் கேட்டு, பட்டறைக்காரர்களும் நெய்பவர்களும் பிட்டர்களும் ஒரே கும்பலாகப் பாலம் தாண்டி ஓடி வந்தார்கள். முன்னால் செல்லமுத்து, கையில் ஸ்பானர்.

"எக்ஸ்போர்ட் சரக்கு பாதியில நிக்குது, இந்த ஆளு இங்க பொண்டாட்டிய மிதிச்சுட்டு இருக்கறான் பாருங்கடா!"

"தீர்மானம் படிச்ச வாயைப் பாரு!"

மோகனாவை இரண்டு பேர் தூக்கி மரத்தடியில் சாய்த்தார்கள். அதற்குமேல் அவளை யாரும் பார்க்கவில்லை. செல்லமுத்துவின் ஸ்பானர் தண்டபாணியின் மணிக்கட்டில் இறங்கியது; செங்கல் விழுந்தது; தண்டபாணியும் விழுந்தான். உதைத்தார்கள். ஒருவன் உதைத்துவிட்டு ஆற்றைப் பார்த்துக் காது கொடுத்தான்.

"இன்னும் ஓடலியே!"

"இவனுக்கு இன்னும் உறைக்கல. போடு!"

போட்டார்கள். காது கொடுத்தார்கள். ஓடவில்லை. ஓடாத ஆத்திரத்தில் மறுபடி போட்டார்கள். அடி விழுந்தால் தறி நிற்கும் என்பது அந்தக் கும்பலில் எல்லோருக்கும் தெரியும். குழந்தைக்கும் தெரிந்த செய்தி அது. ஆனால் அடிக்கிற ஒவ்வொருவனும், பக்கத்தில் இருப்பவன் அடிப்பதுதான் அடி, தான் அடிப்பது நியாயம் என்று நினைத்தான். நியாயத்துக்குத் தறி எதற்காக நிற்கப்போகிறது? பூர்ணிமா கத்தினாள்: "நீங்க அடிக்கறதுலதான் நிக்குது! விட்டுருங்க! விட்டா ஓடும்!" தறி ஓடுகையில் கத்திப் பேசிப் பழகிய அந்த மனிதர்கள் அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் தெளிவாகக் கேட்டார்கள். "கேட்டீங்களா, விடச் சொல்லுது புள்ள," என்று ஒருவன் மற்றவனிடம் சொன்னான், சொல்லிவிட்டு உதைத்தான். தண்டபாணியின் தோளில் ஏதோ ஈரக் கிளை முறிவதுபோல முறிந்தது. அவன் வாயிலிருந்து வந்த சத்தம் பிறகு வரவில்லை.

பூர்ணிமா மரத்தடிக்கு ஓடினாள். கூடை கவிழ்ந்து, போர்டு மண்ணில் கிடந்தது. பச்சை விளக்கு எரிந்தது. ஆணிகளுக்கு நடுவே நூல் அறுபடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. அவள் எடுக்கக் குனிவதற்குள் மோகனாவின் கை அதன்மேல் இருந்தது.

"இதென்னடி?"

"போர்டுக்கா. இது இங்க இருக்கறதுனாலதான் அங்க நிக்குது."

"இந்தக் கம்பியப் புடுங்குனா?"

"தறி ஓடும்."

"ஓடுனா அவங்க போயிருவாங்களா?"

"போயிருவாங்கக்கா. அவங்களுக்கு வேண்டியது அதானே."

மோகனா பேட்டரிக் கம்பியை விரல்களில் சுற்றிப் பிடித்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மற்றக் கண்ணால் கும்பலின் கால்களுக்கு இடையே பார்த்தாள். அங்கே ஒரு கை, மண்ணை அள்ளுவதும் விடுவதுமாக இருந்தது. தன் முகத்தின்மேல் அத்தனை வருடம் இறங்கிய கை அது. பூர்ணிமா தன் கையை நீட்டினாள். நீட்டிய கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அடுத்த உதை விழுந்தது, அதற்கடுத்ததும் விழுந்தது. மோகனா கம்பியைப் பிடித்தபடியே இருந்தாள். அந்தக் கை மண்ணை அள்ளுவதை நிறுத்தியபோது, ஓர் இழையை அறுப்பதுபோல, வெடுக்கென்று பிடுங்கினாள்.

ஆற்றுக்கு அப்பால் முதலில் ஒரு தறி, பின் ஒரு தெரு, பின் ஊர் முழுவதும் ஓடத் தொடங்கியது. கும்பல் நிமிர்ந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டது.

"ஓடுதுங்."

"ஓடுது, ஓடுது. அவ்வளவுதான். வாங்க போலாம், மணியாச்சு."

கழன்ற செருப்புகளைத் தேடி மாட்டிக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு, அவர்கள் பாலத்தை நோக்கி நடந்தார்கள். ஓசை ஆற்றின்மேல் நிறைந்து நின்றது. தண்டபாணி மண்ணில் கிடந்து முனகியது அதில் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டு பெண்களுக்கு மட்டும் கேட்டது.

பிற்பாடு உறுதியானவை இவை.

தண்டபாணி பிழைத்தான். அவனைச் சூளை வண்டியில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்தது மனைவியும் மைத்துனியும்தான். வலக்கை தோளுக்கு மேலே எழும்பாது. சோற்றுக்கு இடக்கையைப் பழக்கிக்கொண்டிருக்கிறான்.

இக்கரைக் காவல் நிலையம் அது அக்கரைச் செய்தி என்றது. அக்கரைக் காவல் நிலையம் அடித்தவர்கள் இக்கரைக்காரர்கள் என்றது. வழக்கு இல்லை.

பட்டறை இப்போது மோகனாவின் பொறுப்பில் இருக்கிறது. செல்லமுத்து அங்கேயே பிட்டராக இருக்கிறான். அவளை அம்மா என்று அழைக்கிறான். கம்பியை அவள் எவ்வளவு நேரம் பிடித்திருந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பூர்ணிமா பொய் சொல்வாள். அவள் வாழ்க்கையில் சொல்லத் தயாராக வைத்திருக்கிற ஒரே பொய் அது.

டிரைவரில் பிழை இல்லை என்று அவள் சங்கத்துக்குச் சொல்லிவிட்டாள். திருத்தம் கொடுக்கவில்லை. நூல் மிச்சமாவதால் சங்கமும் வற்புறுத்தவில்லை. அதே நூல் மிச்சத்துக்காக ஆற்றின் மேலும் கீழும் உள்ள தறியூர்கள் அந்த டிரைவரை வாங்கிப் போட்டுக்கொண்டன; மாந்தோப்பைத் திருத்தி அக்கரையிலும் பட்டறைகள் வந்துவிட்டன. அங்கெல்லாம் அடி விழுந்தால் தறி நிற்கிறது, பெண்கள் வாசலுக்கு வருகிறார்கள்.

அடிக்க விரும்புகிறவர்கள் இப்போது தறியோசை எட்டாத மலையடிவாரம்வரை போக வேண்டியிருக்கிறது. காலை முதல் பேருந்தில் உட்கார இடம் கிடைப்பதில்லை.